நான் பதியாமல் விட்ட கல்வெர்ட்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் சிவில் துறை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சாலை விவரப் பதிவேட்டுக்குச் சரியான தகவல் சேகரிக்கும் முறைகள், ஒரு மதிப்பீடு" என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் என்றார். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு பசியோடு இருப்பவர்களை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்தேன். கடைசியில், நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்தவன் தப்பைக் கேட்கப் பசி தெரியாது இல்லையா?

ஆவடிக்கு அந்தப் பக்கம், விமானப்படைத் தளத்தை ஒட்டி முத்தாபுதுப்பேட்டை இருக்கிறது. என் அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர். மாமாவுக்கு ஹெச்.வி.எஃப்.பில், அதாவது டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை. 2015 டிசம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அடையாறு, கூவம் பக்கமெல்லாம் செய்தியில் வந்தது. அக்கா தெருவுக்கு ஆறும் கிடையாது, ஏரிக்கரையும் கிடையாது. ஆனாலும் ரோட்டுக்கு மேற்கே தண்ணீர் நாலு நாள் நின்றது. ரோட்டுக்குக் கிழக்கே காய்ந்த தரை. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனேன். அக்கா வாசலில் நனைந்த மெத்தையைப் போட்டுவிட்டு, ரோட்டைக் காட்டி, "டேய் தம்பி, இங்கதான்டா முன்னாடி கல்வெட்டு இருந்துச்சு. ரோடு அகலம் பண்ணப்ப மூடிட்டாங்க" என்றார்.

கல்வெர்ட்டை நம் ஜனங்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். தொல்பொருள் துறைக்காரர் கேட்டால் ஓடி வருவார்.

எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்த ரோட்டுக்கு 1996-ல் விவரப் பதிவு எடுத்த குழுவில் நான் இருந்தேன். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தப்பு என்னுடையதுதான். வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியைக் கிளறி என் ஃபீல்டு புத்தகத்தை எடுத்தேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு.

எப்படி விட்டேன்? ஜீப்பில் போய் எடுத்தோம். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். டிரைவர் பக்கத்தில் ஒருவர் ஓடோமீட்டரைப் பார்த்து தூரத்தைச் சொல்வார், பின்னால் ஒருவர் எழுதுவார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் மெதுவாகப் போவதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். இடப்பக்கம் ஒரு போர்டைப் பார்த்து, குனிந்து எழுதி, நிமிர மூன்று நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. அந்த 25 மீட்டரில் வலப்பக்கம் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதோடு அந்த ரோட்டில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் மட்டம் உயர்ந்து, கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லாமல் புதருக்குள் புதைந்துகிடந்தது. நாங்கள் போனது ஏப்ரல் மாதம். சொட்டுத் தண்ணீர் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு ரோடு முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

நான் விட்டதை அடுத்தவர் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதிவேட்டின் குணமே வேறு. ஒருமுறை எழுதிவிட்டால் அது வேதம். அடுத்த முறை பார்க்கிறவர், பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இருப்பவை இருக்கின்றனவா என்று சரிபார்ப்பார். அதில் இல்லாதது இருக்கிறதா என்று தேடமாட்டார். ரோடு அகலப்படுத்தும் எஸ்டிமேட் பதிவேட்டைப் பார்த்துத்தான் போடப்பட்டது. பதிவேட்டில் கல்வெர்ட் இல்லை, ஆகவே எஸ்டிமேட்டில் குழாய் நீட்டிப்பு இல்லை, ஆகவே காண்ட்ராக்டர் மண் கொட்டி மூடினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எஸ்டிமேட்டில் இல்லாத குழாயை எந்த காண்ட்ராக்டர் வாங்கிப் போடுவார்? பின்னர் 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. நிர்வாகம் மாறும்போது பதிவேடும் நகல் எடுக்கப்படும். என் வெறும் கோடும் சேர்ந்து நகலாகியிருக்கும்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

சாலைப் பதிவேடு என்றால் நீளம், அகலம், மேற்பரப்பு, கல்வெர்ட், பாலம், போர்டு, மரம், மின்கம்பம், சந்திப்பு, ஓரக் கால்வாய் எல்லாம். இவற்றைச் சேகரிக்க இன்று ஏகப்பட்ட வழி. நடந்து போய் டேப், வீல் வைத்து எடுக்கலாம். வண்டியில் போகலாம். ஜி.பி.எஸ். இருக்கிறது. செயற்கைக்கோள் படம் இருக்கிறது. லேசரும் காமிராவும் பொருத்திய நெட்வொர்க் சர்வே வாகனம் தேசிய நெடுஞ்சாலைகளில் ஓடுகிறது. டிரோன் இருக்கிறது. எது சிறந்தது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே சரியில்லை. எந்தப் பொருளுக்கு எது, அது எதை விட்டுவிடும் என்று கேளுங்கள்.

வண்டியின் ஓடோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்தால் அது தூரத்தைக் கூட்டிக் காட்டும். சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 6 மி.மீ. தேய்ந்ததும் இரண்டு சதவீதம் பிசகு. பத்து கிலோமீட்டருக்கு 200 மீட்டர். பயந்துவிடாதீர்கள், இது நல்ல வகைப் பிசகு. வீட்டில் ஒரு கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டாக ஓடினால் நமக்குக் கஷ்டமில்லை, கழித்துக்கொள்கிறோம். அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரில் காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தால் அன்றைய திருத்தம் தெரிந்துவிடும். காற்றழுத்தம் மாறினாலும் பிடிபடும்.

ஜி.பி.எஸ்.ஸின் பிசகு வேறு ஜாதி. 2000 மே 2-ந் தேதி அமெரிக்கா வேண்டுமென்றே வைத்திருந்த குழப்பத்தை எடுக்கும்வரை, சாதாரண ஜி.பி.எஸ். நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். இன்று நம் கைப்போன் திறந்த வெளியில் சில மீட்டருக்குள் காட்டுகிறது. புளியமரச் சாலையிலும் மேம்பாலத்தடியிலும் இன்னும் தடுமாறும். ஒரு லேனின் அகலம் மூன்றரை மீட்டர். பிசகும் கிட்டத்தட்ட அதுவே என்றால், போர்டு ரோட்டின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் போன் சொல்லாது, நீங்கள்தான் எழுத வேண்டும். இது சில நேரம் ஃபாஸ்ட், சில நேரம் ஸ்லோ ஓடுகிற கடிகாரம். கழிக்க முடியாது. நிறைய தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இடம், வலம் என்றதும் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. செயினேஜ் ஏறும் திசையில் பார்த்தால்தான் இடம், வலம். ஒருமுறை ஒரு குழு சாயங்காலம் வீடு திரும்ப வசதியாக இருக்கும் என்று ரோட்டின் கடைசியில் ஆரம்பித்து முதலுக்கு வந்தது. அளவெல்லாம் அற்புதம், சென்டிமீட்டர் சுத்தம். ஆனால் பதிவேட்டின்படி பள்ளிக்கூடம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது.

இதே மாதிரிதான் ரோட்டின் பெயரும். நம் பக்கத்து சி.டி.எச். ரோடு, அதாவது சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலை, முன்பு என்.எச். 205. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது அது 716 ஆனது. பூந்தமல்லி வழியாகப் போகும் என்.எச். 4 இப்போது 48. எண்ணையும் கிலோமீட்டர் கல்லையும் மட்டும் நம்பி எழுதிய பழைய பதிவேடுகள் இதில் மாட்டிக்கொண்டன. ஒரு பைபாஸ் வந்து ரோட்டின் நீளம் மாறினாலும் அதற்கு அப்புறம் இருக்கிற எல்லாச் செயினேஜும் நகர்ந்துவிடும். ஆகவே கல்லை மட்டும் நம்பாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் நகராத ஒரு அடையாளம், கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ, அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அகலம் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்கில் ஒற்றை லேன் 3.75 மீட்டர், இடைநிலை 5.5, இரட்டை லேன் 7. ரோடு எந்த வகை என்பதும் அதற்குப் பணம் எவ்வளவு வரும் என்பதும் இதைப் பொறுத்தது. செயற்கைக்கோள் படம் நீளத்துக்கு அருமை. அகலத்துக்குக் கண்ணை மூடி நம்பக் கூடாது. தார் விளிம்பில் மண் ஏறியிருக்கும், மரக்கிளை மறைக்கும். பத்து சென்டிமீட்டர் பிசகு பெரிதா என்று கேட்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு அது நூறு சதுர மீட்டர் தார். மாவட்டம் பூராவும் பெருக்கிப் பாருங்கள். இதற்கு டேப் பிடித்து இரண்டு பேர் நிற்பதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நெட்வொர்க் சர்வே வாகனத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேடுபள்ளம், சக்கரத் தடம், விரிசல் இவற்றை அது எடுக்கும் வேகத்திலும் நுணுக்கத்திலும் மனுஷனால் எடுக்க முடியாது. நாங்கள் பம்ப் இன்டக்ரேட்டரை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்தவர்கள், அந்த அருமை தெரியும். ஆனால் அந்த லேசர் பார்ப்பது ரோட்டின் தோலை. வயிற்றுக்குள் குழாய் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

சரி, முத்தாபுதுப்பேட்டைக்குத் திரும்புவோம்.

போன வருஷம் நம் கல்லூரியின் மூன்றாம் வருட மாணவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அதே ரோட்டுக்குப் போனேன். எல்லா முறையையும் ஒரே ரோட்டில் போட்டுப் பார்ப்பது என்று திட்டம். ஒரு முறையைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் அதைவிட நம்பகமான ஓர் அளவு கையில் வேண்டும். அதற்காக ஸ்டீல் டேப்பில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, இரண்டு வெவ்வேறு குழு அளந்தது. இந்தப் பாடம் பழசு. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடிச் சங்கிலி வைத்து 57 நாள் அளந்தார். அதோடு நிறுத்தாமல், பெங்களூர்ப் பக்கம் இன்னொரு அடிக்கோடு அளந்து, கணக்கில் வந்ததும் தரையில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்.

டிரோன் பறக்கவிடலாம் என்று ஒரு தம்பி ஆசைப்பட்டான். பக்கத்தில் விமானப்படைத் தளம். 2021 டிரோன் விதிகளில் சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் என்று இருப்பது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். அந்த ஆசை அங்கேயே முடிந்தது. ஒரு பெண் காமிராவை முக்காலியில் வைத்த ஐந்தாவது நிமிஷம் காவலுக்கு இருந்த ஜவான் வந்து ஹிந்தியில் விசாரித்தார். காமிரா பைக்குள் போனது. மதில் ஓரத்துப் பகுதியை வீலும் நோட்டும் வைத்தே முடித்தோம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது உண்மை. ஆனால் பாதுகாப்பு இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கருவி செல்லும், எது செல்லாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் முறையை மதிப்பிடுவதில் ஒரு பகுதி என்று அன்றைக்குப் பசங்களுக்குப் புரிந்தது.

நீளத்தில் வந்த முடிவு இது. டேப் 3,214 மீட்டர். வீல் 3,226. வீல் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஏனென்றால் தள்ளுகிறவர் நேர்கோட்டில் நடப்பதில்லை. மூன்று போன்களின் ஜி.பி.எஸ். 3,190, 3,240, 3,305. கடைசிப் போன் ஏன் அவ்வளவு அதிகம் என்று தேடினால், அதை வைத்திருந்த தம்பி ஆப்பை நிறுத்தாமல் டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்த இடத்திலேயே புள்ளி அங்குமிங்கும் ஆடி, அவன் நடக்காத தூரத்தையெல்லாம் கூட்டிவிட்டது.

ஆனால் நான் காத்திருந்தது கல்வெர்ட் எண்ணிக்கைக்கு. செயற்கைக்கோள் படத்தில் இரண்டு தெரிந்தன. காரில் போன குழு நான்கு எழுதியது. கார் கண்ணாடியில் போன் ஒட்டி எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது ஐந்து. நடந்து போனவர்களுக்கு ஏழு. எட்டாவதை அவர்களும் பார்க்கவில்லை. அது இருக்கும் இடத்தை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஒரு மாணவி, "ஏம்மா, மழை பெஞ்சா தண்ணி இந்தப் பக்கம் எங்க போகும்?" என்று கேட்டாள். அந்த அம்மா குச்சியால் ரோட்டைக் காட்டி, "எங்க போகும்? நிக்கும். முன்னாடி இதுக்குக் கீழ போவும்" என்றார்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இங்கே கல்வெர்ட் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் தெரியாது என்று பதில் வந்திருக்கும். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதால் குழாய் கிடைத்தது. எனக்கு 1996-ல் இது தோன்றவில்லை.

ஆகவே எண்ணிக்கைச் சோதனையில் மூன்றைத் தனித்தனியாக எழுதச் சொன்னேன். எத்தனை விட்டுப்போனது, இல்லாத எத்தனை இருப்பதாகப் பதிவானது, இருப்பதன் இடம் எத்தனை மீட்டர் தள்ளிப்போனது. முறைகளை ஒப்பிடுகிற அறிக்கைகளில் மூன்றாவதை இரண்டு தசமம் வரை எழுதுவார்கள். முதலாவதைப் பற்றிப் பேச்சே இருக்காது. விட்டுப்போனதை எண்ண வேண்டுமானால் வேறு ஒருவர், பழைய பட்டியலைப் பார்க்காமல், மறுபடி நடக்க வேண்டுமே! அதற்குச் சம்பளமும் நாளும் ஒதுக்க மனசு வருவதில்லை. எல்லா ரோட்டிலும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பத்து கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், சீட்டுக் குலுக்கி எடுத்து நடந்தால்கூட, நம் முறை எத்தனையை விடுகிறது என்று தெரிந்துவிடும். சர்வேயை முழுக்கக் கோடையிலேயே வைத்துக்கொள்கிற வழக்கத்தையும் மாற்ற வேண்டும். கல்வெர்ட்டுக்கு மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நடை போங்கள். தண்ணீரே காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பக்கத்தில் கல்வெர்ட் கணக்குக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நாம் பாலம் டிசைன் வகுப்பில் போட்ட 70 டன் டிராக் வண்டிக் கணக்கு, கிளாஸ் ஏ.ஏ., 70 ஆர். எல்லாம் நினைவிருக்கிறதா? பரீட்சைக்குப் படித்தபோது அது எங்கேயோ இருக்கிற வண்டி. ஆவடிக்காரருக்கு அது பக்கத்து ஃபாக்டரியில் செய்கிற வண்டி. கீழே பாதி நொறுங்கிய குழாய் இருப்பது தெரியாமல் மேலே கனமான ட்ரெய்லரை விடுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்கள் எடுத்த அளவு, அட்சரேகை, தீர்க்கரேகை, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து, என் 1996 ஃபீல்டு புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். "சார், உங்க தப்பை நீங்களே எழுதிக் குடுக்கறீங்களே" என்று அங்கிருந்த இளம் பொறியாளர் சிரித்தார். ஆனால் இரண்டு வாரத்தில் ஆள் அனுப்பி ஓரத்தில் பள்ளம் எடுத்துப் பார்த்தார். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே 600 மி.மீ. ஹ்யூம் பைப், வாய் முழுக்க மண். கிழக்கு முனை நொறுங்கியிருந்தது. இப்போது பதிவேட்டில் அது எட்டாவது வரி. புதுக் குழாய்க்கு எஸ்டிமேட் போயிருக்கிறது, வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன மழைக்கும் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது. 'உன் எட்டாம் நம்பர் என்னடா ஆச்சு' என்று வாரம் ஒருமுறை போன் வருகிறது.

இந்த வருஷம் மழைக்காலத்தில், பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் அதே ரோட்டிலும் அதை ஒட்டிய இரண்டு ரோட்டிலும் மறுபடி நடக்கப்போகிறோம். வீல் இரண்டு இருக்கிறது, டேப் இருக்கிறது. பழைய பட்டியலை யாரும் கையில் எடுத்து வரக்கூடாது. வர விரும்பும் மாணவர்கள் துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்.